மூன்று திரைகளும் மாறும் பெயர்களும்: உபுண்டு மேசையொன்றில் திரை வரிசை குலைந்த நிகழ்வு ஆய்வு

பதிப்பகம் ஒன்றின் மெய்ப்புப் பிரிவில் இருந்த ஒரு மேசையைப் பற்றியது இந்த ஆய்வு. மேசையில் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு மானிட்டர்களும், அவற்றின் வலப்பக்கத்தில் ஒரு மடிக்கணினியும் இருந்தன. மூன்று திரைகளும் 1920×1080 அளவு கொண்டவை. இரு மானிட்டர்களும் யூஎஸ்பி-சி டாக் என்ற இணைப்புப் பெட்டியில் செருகப்பட்டிருந்தன. டாக்கிலிருந்து ஒற்றைக் கேபிள் மடிக்கணினிக்குச் சென்றது. இடத் திரையில் மூலப்படியின் ஸ்கேன் பக்கம், நடுத் திரையில் அச்சுக்கோத்த கோப்பு, மடிக்கணினியில் மின்னஞ்சல் என்பது அங்கே பணிபுரிந்த மூத்த மெய்ப்புத் திருத்துநர் பழகிய ஒழுங்கு. நாள் முழுவதும் கண்ணும் சுட்டியும் மூலத்துக்கும் கோப்புக்கும் இடையே போய்வரும் வேலை அது. திரை வரிசை குலைந்தால் வலப்பக்கம் தள்ளிய சுட்டி இடக்கோடியில் முளைக்கும், மூலத்தைத் திருத்தப்பட்ட கோப்பு என்று நினைத்துப் படிக்க நேரும்.

மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்பு இயங்கியவரை இந்த மேசையைப் பற்றி எவரும் குறை சொன்னதில்லை. 22.04-க்கு மேம்படுத்திய பிறகே குறை தொடங்கியது. "தம்பி, காலையில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கூட்டத்துக்குக் கழற்றிக்கொண்டு போய், வந்து மாட்டினால் திரையெல்லாம் இடம் மாறிவிடுகிறது. எப்போதும் இல்லை, சில நேரம் மட்டும்" என்பதே திருத்துநர் தந்த முழு விவரம். பார்ப்பதற்கு எளிமையான இந்தக் கூற்றில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒன்றாகக் கலந்திருந்தன. அவற்றைப் பிரித்தெடுக்கும்வரை எந்தச் சோதனையும் நிலையான விடை தரவில்லை.

முதல் கோளாறில் மடிக்கணினித் திரை இடக்கோடிக்குச் சென்று முதன்மைத் திரையாகிவிடும். இரு மானிட்டர்களும் அதன் வலப்பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவதில் மடிக்கணினி சரியான இடத்தில் இருக்கும். மானிட்டர்கள் மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கும். இரண்டையும் 'இடம் மாறிவிட்டது' என்ற ஒரே சொல்லால் குறிப்பது இயல்புதான். ஆனால் முதல் நிலையில், சேமித்துவைத்த அமைவு எதுவும் பொருந்தாததால் கணினி தன் இயல்பு வரிசையைப் போட்டிருக்கிறது. இரண்டாம் நிலையில் ஏதோ ஒரு சேமித்த அமைவு பொருந்திவிட்டது; அது தவறான அமைவு. மருந்து வேறுபடும் இடம் இது.

கணினி ஒரு திரையை எப்படி அடையாளம் காண்கிறது

உபுண்டுவின் க்னோம் மேசைச்சூழலில் திரைகளின் இடத்தைத் தீர்மானிப்பது மட்டர் என்ற சாளர மேலாளர். பயனர் அமைப்புகளில் திரைகளை இழுத்து வைத்து, மாற்றங்களை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும் கேள்விக்கு இசைந்ததும், அந்த வரிசை பயனரின் கான்ஃபிக் அடைவில் மானிட்டர்ஸ் என்ற பெயருள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு தொகுதியாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வொரு திரைக்கும் நான்கு தகவல்கள் பதியப்படுகின்றன: இணைப்பானின் (திரை செருகப்பட்ட முனையின்) பெயர், தயாரிப்பாளர், மாதிரி, சீரியல் எண். அடுத்தமுறை திரைகள் செருகப்படும்போது அந்த நான்கும் எல்லாத் திரைகளுக்கும் அப்படியே ஒத்திருந்தால் மட்டுமே அத்தொகுதி பயன்படுத்தப்படும். ஒன்று பிசகினாலும் மட்டருக்கு அது முன்பின் அறியாத திரைக்கூட்டம்தான். உடனே மடிக்கணினித் திரையை முதன்மையாக்கி இடக்கோடியில் வைத்து, மற்றவற்றை வலப்பக்கமாக வரிசையில் ஒட்டிவிடும்.

நான்கில் பின்னுள்ள மூன்று தகவல்களும் மானிட்டரே சொல்பவை. ஒவ்வொரு மானிட்டரும் இடிஐடி எனப்படும் தன்விவரத் தரவைக் கேபிள் வழியே அனுப்புகிறது. அதன் அடிப்படைத் தொகுதி 128 பைட் நீளமுள்ளது. தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறியீடு, மாதிரி எண், நான்கு பைட் சீரியல் எண் ஆகியவை அதன் தொடக்கப் பகுதியில் இடம்பெறுகின்றன. விரும்பினால் தயாரிப்பாளர் 13 எழுத்து வரையிலான சீரியல் சரத்தையும் தனியே சேர்க்கலாம். சரம் இருந்தால் மட்டர் அதை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் நான்கு பைட் எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதிக்கொள்ளும்.

இந்த மேசையின் இரு மானிட்டர்களையும் இடிஐடி-டிகோட் கருவியால் படித்தபோது, இரண்டிலும் சீரியல் சரம் இல்லை. நான்கு பைட் எண் இரண்டிலும் 01010101 என்றே இருந்தது. மானிட்டர்களின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் வெவ்வேறு எண்கள் தெளிவாக அச்சாகியிருந்தன. தொழிற்சாலையில் தாளை ஒட்டியவர்கள் அதே எண்ணை உள்ளே எழுதவில்லை. மலிவு மானிட்டர்களில் இது அரிதான குறையன்று. விலைப்பட்டியலில் இதைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

ஆக, தயாரிப்பாளர், மாதிரி, சீரியல் மூன்றும் ஒன்றாக இருந்த இந்த இரட்டையரைப் பிரித்துக்காட்ட எஞ்சியிருந்தது இணைப்பானின் பெயர் ஒன்றே. அந்தப் பெயரோ நிலையானதன்று.

பெயர் ஏன் மாறுகிறது

மடிக்கணினியின் உடலிலேயே உள்ள போர்ட்டுகளுக்கு, இயங்குதளத்தின் கருவான கெர்னல் தரும் பெயர்கள் மாறுவதில்லை. இந்த மடிக்கணினியில் இரு யூஎஸ்பி-சி போர்ட்டுகளின் திரைத்தடங்கள் டிபி-1, டிபி-2 (டிபி என்பது டிஸ்பிளேபோர்ட்டின் சுருக்கம்) எனவும், உள்திரை இடிபி-1 எனவும் எப்போதும் வரும். டாக்கின் நிலை வேறு. ஒரே டிஸ்பிளேபோர்ட் தடத்தில் பல திரைகளுக்கான படங்களை அனுப்பும் எம்எஸ்டி முறையில் டாக் இயங்குகிறது. அது செருகப்பட்டதும் அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கெர்னல் அப்போதுதான் ஒரு புதிய இணைப்பானை உருவாக்குகிறது. புதியதற்குக் கிடைக்கும் எண், அந்த வகையில் காலியாக உள்ள மிகச் சிறிய எண். எனவே குளிர்நிலையிலிருந்து தொடங்கிய காலை வேளையில் டாக்கின் வெளியீடுகள் டிபி-3, டிபி-4 என்று பெயர் பெற்றன.

கழற்றும்போது நடப்பதுதான் சிக்கலின் வேர். டாக் பிடுங்கப்பட்டவுடன் பழைய இணைப்பான் அந்தக் கணமே அழிந்துவிடுவதில்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மென்பொருள் விடுவிக்கும்வரை அதன் எண்ணும் பிடிபட்டே இருக்கும். விடுபடுவதற்குள் மீண்டும் செருகினால் புதியவற்றுக்கு 5, 6 கிடைக்கும். ஒன்று மட்டும் விடுபட்டிருந்தால் வேறொரு கலவை கிடைக்கும். சாதனங்கள் வந்துபோவதை அறிவிக்கும் யூடெவ் நிகழ்வுகளைப் பார்க்கும் கட்டளையை ஒரு முனையத்தில் ஓடவிட்டு, இணைப்பான்களைக் கெர்னல் காட்டும் ஸிஸ் கோப்பமைப்பின் டிஆர்எம் அடைவை இன்னொன்றில் பட்டியலிட்டுக்கொண்டே கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தபோது, 3 முதல் 8 வரையான எண்கள் வெவ்வேறு இணைகளாக வந்துபோயின. காலையில் ஒழுங்காக இருந்தது கூட்டத்துக்குப் பிறகு குலைந்ததற்கு விளக்கம் இதுவே.

20.04-இல் இது ஏன் நிகழவில்லை என்ற கேள்விக்கு விடை எக்ஸ்.ஆர்க் அமர்வில் இருக்கிறது. சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய ஏற்பாடு எக்ஸ்.ஆர்க் (எக்ஸ்11), புதியது வேலண்ட். அப்பதிப்பில் இயல்பு அமர்வு எக்ஸ்.ஆர்க், 22.04-இல் இன்டெல் வரைகலை கொண்ட கணினிகளுக்கு இயல்பு அமர்வு வேலண்ட். கெர்னல் ஒவ்வொரு எம்எஸ்டி இணைப்பானுக்கும், எந்த உடல் போர்ட்டின் வழியே, டாக்கின் எந்த வெளியீட்டில் அது அமைந்துள்ளது என்ற பாதையையும் ஒரு பண்பாகத் தருகிறது. எக்ஸ்.ஆர்க்கின் மோட்செட்டிங் இயக்கி அந்தப் பாதையைப் படித்துப் பெயரை அமைக்கிறது. டிபி-1-1, டிபி-1-8 போன்ற மூன்றடுக்குப் பெயர்கள் அப்படி வருபவை. அதே யூஎஸ்பி-சி போர்ட்டில் அதே டாக்கை எத்தனை முறை செருகினாலும் அந்தப் பெயர் மாறாது. வேலண்ட் அமர்வில் மட்டர் கெர்னலின் வெற்று எண்ணையே பெயராகக் கொள்கிறது. மேம்படுத்தலில் பயனரின் பழைய கோப்பு அப்படியே வந்துசேர்ந்தது. ஆனால் அதிலிருந்த மூன்றடுக்குப் பெயர்களில் ஒன்றுகூடப் புதிய அமர்வில் தோன்றாததால் அந்தக் கோப்பு செத்த எழுத்தாகிவிட்டது.

வேலண்ட் பக்குவமடையவில்லை என்ற வழக்கமான முணுமுணுப்பை இங்கே சேர்த்துக்கொள்வது சரியாகாது. பாதைப் பண்பு வேலண்ட் அமர்விலும் கெர்னலிடம் கிடைக்கிறது, அதை அடையாளமாக எடுத்துக்கொள்வதா என்பது சாளர மேலாளரின் முடிவு. கேடிஇ பிளாஸ்மா 6 என்ற இன்னொரு மேசைச்சூழலின் சாளர மேலாளரான கேவின், திரையின் இடிஐடியோடு எம்எஸ்டி பாதையையும் தன் அமைவுக் கோப்பில் பதிகிறது. இரட்டை மானிட்டர்களைக் கையாள அதுவே முறையான வழி என்பது எங்கள் கருத்து. ஸ்வே என்ற சாளர மேலாளரைப் பயன்படுத்துவோர் திரையைத் தயாரிப்பாளர், மாதிரி, சீரியல் என்ற சரத்தால் குறிப்பிடலாம். இணைப்பானின் எண் மாறினாலும் அது நிற்கும். ஆனால் சீரியல் ஒன்றாக உள்ள இரட்டையரிடம் அந்த வழியும் தோற்கும்.

இரண்டாவது கோளாறு

மானிட்டர்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறியதற்குக் காரணம் மேசையின் அடியில் கிடைத்தது. மின்வயரிங் பழுதுபார்ப்புக்காக மேசைகள் நகர்த்தப்பட்டிருந்தன. திரும்பப் பொருத்தியவர்கள் டாக்கின் இரு கேபிள்களையும் மாற்றிச் செருகியிருந்தனர். மறுநாள் காலை திருத்துநர் வரிசை தலைகீழாக இருப்பதைக் கண்டு அமைப்புகளில் சரிசெய்து சேமித்தார். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சேமிப்பு டிபி-3, டிபி-4 இணைக்கான தொகுதியை மட்டுமே திருத்தியது. கேபிள் மாறுவதற்கு முன் ஏதோ ஒரு பிற்பகலில் டிபி-5, டிபி-6 இணைக்காகச் சேமிக்கப்பட்ட தொகுதி பழைய ஒழுங்கோடு கோப்பில் அப்படியே கிடந்தது. இணைப்பானின் எண்கள் 5, 6 என வந்த நாளில் மட்டர் அதை எடுத்தது. பெயர் ஒத்தது, தயாரிப்பாளர் ஒத்தார், மாதிரி ஒத்தது, சீரியலும் ஒத்தது. ஐயுறுவதற்கு அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

சீரியல் எண்கள் வேறாக இருந்திருந்தால் இப்படி நேர்ந்திருக்காது. கேபிள் மாறிய பின் டிபி-5-இல் வேறு சீரியல் தெரிந்திருக்கும், பழைய தொகுதி பொருந்தாமல் போயிருக்கும், முதல் வகைக் கோளாறு மட்டும் தோன்றியிருக்கும். அதைப் பயனர் ஒவ்வோர் இணைக்கும் ஒருமுறை சரிசெய்தால் கோப்பு மெல்ல நிரம்பிச் சிக்கல் தானே அடங்கும். ஒரே சீரியல் கொண்ட இரட்டையரிடம் அப்படி அடங்காது. கேபிள் ஒருமுறை மாறினாலே கோப்பிலுள்ள தொகுதிகள் அனைத்தும் பொய்யாகின்றன. எது பொய், எது திருத்தியது என்பது கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆராய்ந்து கைவிட்ட வழிகள்

முதலில் கண்ணில் பட்டது, அமர்வு தொடங்கும்போது திரை வரிசையை மாற்றும் எக்ஸ்ராண்டர் கட்டளையை ஓடவிடும் சிறு நிரல். அது அந்தக் கணினியில் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. எக்ஸ்ராண்டர், 2007-இல் வந்த ராண்டர் 1.2 நீட்சியோடு வளர்ந்த கருவி. எக்ஸ் வழங்கியை நிறுத்தாமலே திரைகளை இடவலமாக மாற்றியமைக்க அதுவே வழிசெய்தது. இன்றும் லினக்ஸ் திரை வரிசை குறித்த பெரும்பாலான அறிவுரைகள் அதையே சொல்கின்றன. வேலண்ட் அமர்வில் அது பேசுவது எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தரகரோடு. அங்கிருந்து திரையின் உண்மையான இடத்தை மாற்ற முடியாது. நிரல் ஒவ்வொரு நாளும் ஓடி ஒன்றும் செய்யாமல் முடிந்துகொண்டிருந்தது. செருகிய திரைகளுக்கேற்ப வரிசையைத் தானே அமைக்கும் கருவிகளில் ஆட்டோராண்டர் எக்ஸ் அமர்வுக்கு உரியது, கான்ஷி டபிள்யூஎல்ரூட்ஸ் நிரலகத்தின் வழிவந்த ஸ்வே போன்ற சாளர மேலாளர்களுக்கு உரியது. க்னோமின் வேலண்ட் அமர்வில் இரண்டும் உதவா.

கெர்னல் தொடக்க அளபுருவாக ஒவ்வோர் இணைப்பானுக்கும் திருத்திய இடிஐடி கோப்பைக் கொடுத்து, இரட்டையருக்கு வெவ்வேறு சீரியல் எண்களை வழங்கலாமா என்றும் பார்க்கப்பட்டது. அந்த அளபுரு இணைப்பானின் பெயரைக் கொண்டே திரையைச் சுட்டுகிறது. மாறுகிற பெயரால் வந்த நோய்க்கு அதே பெயரை நம்பும் மருந்து ஆகாது.

உள்நுழைவுத் திரையில் சக்கர அடையாளத்தை அழுத்தி எக்ஸ்.ஆர்க் அமர்வுக்குத் திரும்புவது உடனடியாகப் பலன் தந்தது. அவசரக் கெடு இருந்த வாரத்தில் திருத்துநர் அப்படித்தான் வேலை செய்தார். ஆயினும் நிரந்தர ஏற்பாடாக அதை ஏற்கவில்லை. க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்துவிட்டது, உபுண்டு 25.10-இல் அந்தத் தேர்வே நீக்கப்பட்டது. இன்னொரு குறையும் உண்டு: டாக்கை மடிக்கணினியின் மற்ற யூஎஸ்பி-சி போர்ட்டில் செருகினால் பெயரின் நடு எண் மாறி, எக்ஸ்.ஆர்க்கிலும் வரிசை குலையும்.

டாக்கை ஒதுக்கிவிட்டு ஒரு மானிட்டரை எச்டிஎம்ஐ போர்ட்டிலும் மற்றதை யூஎஸ்பி-சி போர்ட்டிலும் நேராகச் செருகினால் பெயர்கள் நிலைத்திருக்கும். தொழில்நுட்பப்படி அதுவே மிகச் சுத்தமான தீர்வு. ஆனால் நாளுக்கு இருமுறை கழற்றி மாட்டும் ஒருவரிடம், ஒரு கேபிளுக்குப் பதில் மின்கேபிளோடு சேர்த்து மூன்றைக் கையாளச் சொல்ல வேண்டியிருக்கும். கேபிள்கள் மீண்டும் மாறிச் செருகப்படவும் அதுவே வழிவகுக்கும்.

செய்த மாற்றம்

அடுத்த மேசையில் 1920×1200 அளவுள்ள வேறு மாதிரி மானிட்டர் ஒன்று இருந்தது. இரட்டையரில் ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு அதை இங்கே கொண்டுவந்தோம். செலவில்லாத இந்தப் பரிமாற்றத்தால் மாதிரி எண்கள் வேறாகிவிட்டன. கேபிள் மாறினாலும் தவறான தொகுதி பொருந்திவிடும் வாய்ப்பு அற்றுப்போனது. உயரம் கூடுதலான திரை ஸ்கேன் பக்கத்துக்கு ஏற்றதென்று திருத்துநரே அதை இடப்பக்கம் வைக்கச் சொன்னார்.

எஞ்சியது முதல் கோளாறு. மாதிரிகள் வேறானாலும் இணைப்பானின் பெயர் பொருந்த வேண்டும் என்ற மட்டரின் நிபந்தனை அப்படியே இருக்கிறது. மானிட்டர்ஸ் கோப்பு எத்தனை தொகுதிகளை வேண்டுமானாலும் ஏற்கும் என்பதால், வரக்கூடிய எல்லா எண் இணைகளுக்கும் முன்கூட்டியே தொகுதிகளை எழுதிவைத்தோம். 3 முதல் 8 வரை ஆறு பெயர்கள். இட மானிட்டருக்கு அவற்றில் ஏதேனும் ஒன்று, நடு மானிட்டருக்கு மீதி ஐந்தில் ஒன்று. ஆக 30 தொகுதிகள். பயனர் கையால் ஒருமுறை சரிசெய்து சேமித்த தொகுதியை அச்சாக வைத்துக்கொண்டு, இரு பெயர்களை மட்டும் மாற்றி மீதியை அப்படியே நகலெடுக்கும் சில வரிப் பைத்தான் நிரல் அதைச் செய்தது. அச்சை நகலெடுப்பது முக்கியம். புத்தாக்க வீதம் கோப்பில் தசம இடங்களோடு துல்லியமாக எழுதப்படுகிறது, நினைவிலிருந்து 60 என்று எழுதினால் அந்தத் திரையின் உண்மையான வீதத்தோடு பொருந்தாமல் தொகுதி முழுவதும் தள்ளப்படலாம்.

ஆயத்தொலைவுகளில் ஒரு நுணுக்கம் இருந்தது. மூன்று திரைகளின் அடிவிளிம்பும் ஒரே கோட்டில் இருந்தால்தான் சுட்டி திரைக்குத் திரை குதிக்காமல் நகரும். இடத் திரை 0,0 என்ற புள்ளியில் தொடங்குகிறது. 1200-க்கும் 1080-க்கும் உள்ள வேறுபாடு 120. ஆகவே நடுத் திரை 1920,120 என்ற புள்ளியிலும் மடிக்கணினி 3840,120 என்ற புள்ளியிலும் வைக்கப்பட்டன. திரைகளுக்கிடையே ஒரு புள்ளி இடைவெளி விட்டாலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ, மொத்த அமைவும் சுழியத்தில் தொடங்காவிட்டாலோ மட்டர் அத்தொகுதியை ஏற்காது. கோப்பில் எக்ஸ்எம்எல் பிழை இருந்தால் கோப்பு முழுவதையும் விட்டுவிடும்.

எழுதிய நேரமும் கவனிக்கப்பட வேண்டியது. மட்டர் இந்தக் கோப்பை அமர்வு தொடங்கும்போது படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அமர்வு ஓடிக்கொண்டிருக்கையில் கோப்பை மாற்றிவிட்டு, பின் அமைப்புகளில் எதையேனும் சேமித்தால், நினைவில் உள்ள பழைய பட்டியலே கோப்பின் மேல் எழுதப்பட்டுப் புதியன அழியும். ஆகவே பயனரை வெளியேறச் செய்து, எழுத்து முனையத்தில் நுழைந்து நிரலை ஓட்டினோம். பழைய தொகுதிகளை ஒன்றுவிடாமல் நீக்கிய பிறகே புதியவை சேர்க்கப்பட்டன.

உள்நுழைவுத் திரை தனிப் பயனரின் கீழ் இயங்குவதால் அது இந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை. கடவுச்சொல் பெட்டி ஒரு திரையிலும் மேசை வேறு திரையிலும் தோன்றுவது அதனால்தான். கோப்பின் நகலொன்றை, உள்நுழைவுத் திரையை நடத்தும் ஜிடிஎம்-இன் சொந்தக் கான்ஃபிக் அடைவில் வைத்து, உரிமையாளரையும் ஜிடிஎம் எனவே மாற்றியதும் இரண்டும் ஒத்துவந்தன.

சோதனையின்போது டாக்கை வேகமாகவும் மெதுவாகவும் கழற்றி மாட்டி, மடிக்கணினியை உறங்கவைத்து எழுப்பி, கேபிள்களை வேண்டுமென்றே மாற்றிச் செருகிப் பார்த்தோம். பெயர்கள் வழக்கம்போல் மாறிக்கொண்டேயிருந்தன. வரிசை மாறவில்லை. குலைந்த ஒரே சூழல், மானிட்டரை அதன் பொத்தானால் அணைத்தபோது வந்தது. டிஸ்பிளேபோர்ட்டில் இணைந்த பல மானிட்டர்கள் அணைந்ததும் கேபிள் பிடுங்கப்பட்டதாகவே கணினிக்குக் காட்டும். மூன்று திரைகளுக்கான தொகுதி இரண்டு திரைகளுக்குப் பொருந்தாது, சாளரங்களும் எஞ்சிய திரைகளுக்கு ஓடிவிடும். உணவு இடைவேளையில் பொத்தானை அழுத்தும் பழக்கத்தை விட்டு, திரை தானே இருள விடுமாறு திருத்துநரிடம் கேட்டுக்கொண்டோம்.

இரட்டையரில் ஒன்றைப் பெற்றுக்கொண்ட பக்கத்து மேசையிலும் இப்போது வேறுபட்ட இரு மாதிரிகளே இருக்கின்றன. அங்கும் அதே நிரல், அந்த மேசையின் அச்சுத் தொகுதியைக் கொண்டு ஓட்டப்பட்டது. எந்த மேசையிலேனும் மானிட்டர் மாறினால் அச்சை மீண்டும் சேமித்து நிரலை மறுபடி ஓட்ட வேண்டும் என்ற குறிப்பும், எந்தக் கேபிள் டாக்கின் எந்தத் துளைக்கு உரியது என்ற ஒட்டுத்தாளும் டாக்கின் அடிப்பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளன.